செபநாயகம் கை ஓங்காத நாள்

குருநகர்ச் செபநாயகத்துக்கு இடது காதின் கீழ்மடல், சோணை, இல்லை. கடலில் சுறா கடித்துவிட்டது என்று தவறணையில் சொல்லுவான். கேட்கிறவர்கள் தலையை ஆட்டிவிட்டுக் கள்ளைக் குடிப்பார்கள். அவன் முகத்துக்கு நேரே சிரிக்க ஒருவருக்கும் துணிவில்லை. சுறாவாவது மண்ணாங்கட்டியாவது! அது அவன் பெண்சாதி செபஸ்தியம்மாவின் கைவேலை. கலியாணம் முடித்த புதிதில், குழம்பில் உப்புக் கூடிப்போனதென்று அவளை ஒருநாள் கன்னத்தில் அறைந்தான். அவள் குசினி வாசலில் கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தாள். பேசாமல் எழுந்தாள், கையில் இருந்த கத்தியை ஒரு வீச்சு வீசினாள். சோணை நிலத்தில் விழுந்தது, பூனை தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒன்றாகப் பூசைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்குள் கை ஓங்கவில்லை.

வெளியில் தாராளமாக ஓங்கினான். கொழும்பில் ஒரு மோட்டர்ப் பட்டறையில் நல்ல வேலை பார்த்தவன். மேற்பார்வைக்காரன் தாயைச் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டான் என்று ஸ்பேனரால் அவன் தாடையைப் பெயர்த்துவிட்டு ரெயிலேறி ஊருக்கு வந்தான். ஊரிலே கரைவலைப் பங்கில் சண்டை வந்தால் முதல் அடி அவனுடையது. கோயில் பெருநாளில் பாண்ட் வாத்தியக்காரனோடு சண்டை, கள்ளில் தண்ணீர் கலந்தவனோடு சண்டை, ஒன்றும் கிடைக்காவிட்டால் சும்மா பார்த்தவனோடு சண்டை. பின்னேரம் வீடு திரும்பினால் செபஸ்தியம்மா சோறு போடுமுன் அவன் கையைப் பிடித்து முட்டிகளைத் திருப்பிப் பார்ப்பாள். தோல் உரிந்திருந்தால் அன்றைக்குச் சோறு இல்லை. பல நாள் அந்த மனிதன் பட்டினியாகத்தான் படுத்தான்.

ஆனால் அதே கை ஒரு மோட்டரைத் தொட்டால் பார்க்கவேண்டும். பெரியகடைக்குப் பின்னால் ஒரு சின்னக் கொட்டிலில் இருந்துகொண்டு கார் டைனமோ, மின்விசிறி, தண்ணீர் இறைக்கிற மெசின் எல்லாம் திருத்தினான். ஓடாத மெசினைத் தட்டிப் பார்க்கிறவர்களைக் கண்டால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மனுசரைத் தட்டினால் திருந்துவினம். மெசினைத் தட்டினால் செத்துப்போகும்" என்று சொல்லுவான். சொல்லிவிட்டு, தட்டினவனைத் தட்டுவான்.

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வருவதற்குக் கொஞ்சக் காலம் முந்தி, நல்லூர்ப் பக்கத்தில் முத்துக்குமாரு என்று ஒரு மலாயாப் பென்சன்காரர் இருந்தார். அங்கே ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். முதல் பெண்சாதி மலாயாவிலே செத்துப்போனாள். எப்படிச் செத்தாள் என்று கேட்டவர்களுக்குக் காய்ச்சல் என்றார். இரண்டாம்முறை கேட்டவர்களைப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டார். ஊருக்கு வந்து, உரும்பிராயில் தோட்டக்காரக் குடும்பத்திலிருந்து கனகாம்பிகை என்ற பெண்ணைக் கலியாணம் முடித்தார். அவருடைய வயதில் பாதிகூட இல்லை அவளுக்கு. ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

மலாயாவிலிருந்து அவர் கொண்டுவந்த சாமான்களுக்குள் இரண்டு விசேஷமானவை. ஒன்று, ஹோல் முழுக்க விரித்த சிவப்புக் கம்பளம். யாழ்ப்பாணத்து வெக்கையில் எந்தப் பைத்தியக்கார விசரனாவது வீட்டுக்குள் கம்பளி விரிப்பானா? அவர் விரித்தார். மற்றது, அந்தக் கம்பளத்தில் தூசி இழுக்கிற மெசின். நீளமான மரத்தடி, தடியில் தொங்குகிற கறுப்புத் துணிப்பை, அடியில் இரும்புத் தலை. தலைக்குள் மோட்டர், மோட்டருக்குக் கீழே விசிறி. விசிறி தூசியை உறிஞ்சிப் பைக்குள் தள்ளும். கம்பளத்தில் கிடக்கிற எதுவும் அந்த விசிறிக்குள்ளால் போய்த்தான் பைக்குள் விழவேண்டும்; வேறு பாதை கிடையாது.

அந்த மெசின்தான் ஒருநாள் உறுமத் தொடங்கியது. பிறகு நடுங்கியது. பிறகு உள்ளே நெருப்புப் பொறி பறந்து, புகை மணத்து, நின்றுபோனது. செபநாயகத்துக்கு ஆள் அனுப்பினார் முத்துக்குமாரர்.

சாதி பார்க்கிற அந்தக் காலத்து நல்லூரில் மீன்பிடிக்கிற குருநகரான் ஒருவனை வீட்டுக்குள்ளே எடுக்கமாட்டார்கள். விறாந்தைக்கு இந்தப் பக்கம்தான் நிற்கவேண்டும். ஆனால் கரண்டு பிளக் இருந்தது ஹோலுக்குள் மட்டும். கரண்டுக்காக முத்துக்குமாரர் ஒரு நாளைக்கு ஆசாரத்தை விட்டுக்கொடுத்தார். அதற்கு முன் அவனை விறாந்தையில் நிறுத்திவைத்து, சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி கதைத்தார்.

"இதைப் பழுதாக்கினது என்ரை மனுசி. விசர் பிடிச்சவள். ஆணி, கல்லு எல்லாத்தையும் இழுக்க விட்டிருக்கிறாள். அவளின்ரை தமையன் இப்ப வருவான். அவனுக்கு முன்னாலை நீ திறந்து காட்டிச் சொல்லு."

"என்னத்தைச் சொல்லிறது, ஐயா?"

"இது கவலையீனத்தாலை வந்த பழுதில்லை, வேணுமெண்டு செய்தது எண்டு சொல்லு. அவளைக் கூட்டிக்கொண்டு போகட்டும். விசருக்குப் பிள்ளை வளக்கத் தெரியாது. பிள்ளை இஞ்சை நிக்கும்."

செபநாயகம் அவரைப் பார்த்தான். வெள்ளை வேட்டி, நெற்றியில் மூன்று குறி திருநீறு, வலது கையில் தங்க மோதிரம். மோதிரம் போட்ட விரலின் முட்டியில் பழைய கீறல் ஒன்று ஆறிக் கறுத்திருந்தது. அந்த மாதிரிக் கீறல் எப்படி வரும் என்று செபநாயகத்துக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

"திறந்து பாக்காமல் ஒண்டும் சொல்லேலாது, ஐயா" என்றான்.

ஹோலுக்குள் போனான். முத்துக்குமாரர் சாய்மனைக் கதிரையை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அறை வாசலில் கனகாம்பிகை நின்றாள். இடுப்பில் குழந்தை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் கம்பளத்தில் சாக்கை விரித்து மெசினைப் படுக்கவைத்து, தடியையும் பையையும் கழற்றி ஒரு பக்கமாக வைத்தபோது படலையடியில் சைக்கிள் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது.

வந்தவன் பஞ்சலிங்கம், கனகாம்பிகையின் அண்ணன். புகையிலைத் தோட்டத்தில் நின்றவன், செய்தி கேட்டு அப்படியே வந்திருந்தான். காலில் செம்மண், இடுப்பில் புகையிலை வெட்டுகிற நேரான நீளக் கத்தி. உள்ளே வந்தவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே தங்கச்சியிடம் போய்க் கன்னத்தில் விட்டான் ஒன்று. குழந்தை வீரிட்டது. சேலைத் தலைப்பு வாயிலிருந்து நழுவியது.

"எங்கடை குடும்பத்திலை ஆருக்கடி விசர்? ஊர் முழுக்க எங்களை நாறடிக்கவோ உன்னைக் கட்டிக்குடுத்தனாங்கள்?" என்றவன், அவள் வாயைப் பார்த்து நின்றுவிட்டான். மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. "பல்லு எங்கை?"

"கிணத்தடியிலை பாசி வழுக்கி விழுந்தவள்" என்றார் முத்துக்குமாரர், அவள் வாயைத் திறக்குமுன். "அண்ணைக்குச் சொல்லன்."

அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்தாள். "ஓம். விழுந்திட்டன்." சேலைத் தலைப்பு மறுபடி வாய்க்குப் போனது.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது பிறகுதான் தெரியவந்தது. வாயைத் திறந்தால் பிள்ளையை அதே கிணற்றுக்குள் போடுவேன் என்று அந்த மனிதர் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற ஆள் என்று அவளுக்குத் தெரியும். பஞ்சலிங்கத்துக்கு என்ன தெரியும்? அத்தான் பெரிய உத்தியோகம் பார்த்தவர், இங்கிலீசில் கனவு காண்கிறவர், பொய் சொல்லமாட்டார் என்பதுதான் அவனுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு ஒரு கதிரையில் இருந்தான்.

"மெசின்காரன் சொல்லட்டும், அத்தான். இவள்தான் வேணுமெண்டு உடைச்சவள் எண்டால் இண்டைக்கே கூட்டிக்கொண்டு போறன். பிள்ளையைப் பற்றி ஒரு கதை கதைக்கமாட்டன்."

ஒரு தாயின் மடியில் அவள் பிள்ளை இருக்குமா இல்லையா என்பது ஒரு மோட்டரின் வயிற்றுக்குள் இருக்கிற பழுதில் வந்து நின்றது. செபநாயகத்துக்கு அந்த நிலைமை கொஞ்சமும் பிடிக்கவில்லை. சத்தியமாக, இரண்டு பேரையும் பிடித்துத் தலையோடு தலை மோதவிட்டுப் போனால் என்ன என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் முன்னால் ஒரு மெசின் கிடந்தது. கிடந்தால் அவனுக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

பிளக்கைக் குத்தி ஒரு கணம் கரண்டைக் கொடுத்துப் பார்த்தான். மோட்டர் சுழல முயன்று, நாய் உறுமுவதுபோல் உறுமி, கம்பளத்தில் துள்ளியது. பக்கத்து ஓட்டைக்குள் நீலப் பொறி. உடனே கரண்டை எடுத்தான். கீழே தூசி கிளப்புகிற உருளைத் தூரிகையின் பட்டியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தான். அதே நடுக்கம். ஆகவே பழுது தூரிகையில் இல்லை, மேலே இருக்கிறது. மோட்டரின் தண்டைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினான். தளர்ந்துபோய் ஆடியது, போல்பெயரிங் தேய்ந்துவிட்டது.

கரிக்கட்டைகள் இரண்டையும் உருவினான். சுழல்கிற செப்புப் பட்டைகளை அழுத்திக்கொண்டு கரண்டு கொடுப்பவை அவை. ஒன்று பாதியாகத் தேய்ந்து ஓரம் உடைந்திருந்தது. மற்றது தன் கூட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நோண்டி எடுத்தால், கரியும் எண்ணெயும் சேர்ந்த பிசின். மோந்து பார்த்தான். நல்லெண்ணெய்.

"ஐயா, இதுக்கு எண்ணெய் விட்டது ஆர்?"

"நான்தான்" என்றார் முத்துக்குமாரர் பெருமையாக. "ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் எண்ணெய் வைச்சுத் தோயிறனான். மெசினும் ஓடி ஓடிச் சூடாகுது. சூட்டுக்கு நல்லெண்ணெயை விட்டால் வேறை என்ன இருக்கு? எனக்கு ஒரு கரண்டி, அதுக்கு ஒரு கரண்டி."

யாழ்ப்பாணத்தானைத் தவிர இந்த உலகத்தில் யாருக்காவது மோட்டருக்குச் சனி முழுக்கு வார்க்கத் தோன்றுமா? செபநாயகம் விரலில் ஒட்டிய பிசினைச் சாக்கில் துடைத்தான். ஆனால் எண்ணெய் மட்டும் இப்படி நடுங்கவைக்காது. எண்ணெய் பிசினாகும், பொறி பறக்கும், சரி. துள்ளல் எங்கிருந்து வந்தது? பல்பு ஒன்றைக் கம்பியில் தொடுத்துச் சுருளைச் சோதித்தான். பல்பு எரியவேண்டிய இடத்தில் எரிந்தது, எரியக்கூடாத இடத்தில் எரியவில்லை. சுருள் எரிந்துபோகவில்லை, மோட்டருக்கு உயிர் இருக்கிறது. அப்படியானால் மிச்சம் விசிறிதான்.

அடித்தட்டைக் கழற்றினான். விசிறிக் கூட்டின் உட்புறம் முழுக்க எண்ணெயில் ஊறிய தூசியும் தலைமயிரும் களிபோல அப்பியிருந்தது. விசிறியில் ஒரு இதழின் நுனி இல்லை. உடைந்து பறந்திருந்தது. இதோ துள்ளல்! ஒரு பக்கம் பாரம் குறைந்த விசிறி சுற்றச் சுற்றத் தண்டை உலுப்பியிருக்கிறது, தண்டு பெயரிங்கைத் தின்றிருக்கிறது, கரிக்கட்டை துள்ளிப் பொறி பறந்திருக்கிறது. எல்லாம் அந்த ஒரு நுனியால் வந்த வினை. அதை உடைத்தது எது?

ஆணியா, கல்லா என்று விரலால் அந்தக் களியைத் தோண்டினான். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துச் சேட்டில் துடைத்துப் பார்த்தான்.

பல்.

முன்பல். முழுசாக, வேரோடு. வேர்ப்பக்கம் கறுப்பாகக் காய்ந்த இரத்தம். எண்ணெய்ப் பிசின் பிடித்து வைத்திருக்காவிட்டால் அது பைக்குள் போய், பையோடு குப்பைக்கும் போயிருக்கும். அந்த ஆள் சனிக்கிழமை தவறாமல் வார்த்த நல்லெண்ணெய் அதைப் பத்திரமாக வைத்திருந்தது.

செபநாயகம் பல்லை உள்ளங்கையில் மூடிக்கொண்டு தலையை நிமிர்த்தினான். கனகாம்பிகை அவனுடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் என்ன எடுத்தான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. முகம் சாம்பலாகப் போனது. தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினாள், வேண்டாம் என்று.

அவனுக்கு ஆத்திரம் தலைக்குள் ஏறியது. பல்லை மூடிய கை முட்டியாகவே இருந்தது, அதை விரிக்க அவனால் முடியவில்லை. அந்தத் திருநீற்று நெற்றியின் நடுவே ஒன்று வைத்தால் ஆள் சாய்மனைக் கதிரையோடு சேர்ந்து மல்லாக்க விழும். அதைவிட இனிமையான நினைப்பு அவனுக்கு அன்று வரை வந்ததில்லை. ஆனால் குருநகரான் ஒருவன் நல்லூர் வீட்டுக்குள் புகுந்து பென்சன்காரரை அடித்தான் என்றால், பல்லைப் பற்றி ஒருவரும் கதைக்கமாட்டார்கள். அடித்தவனைப் பற்றித்தான் கதைப்பார்கள். பொலிஸ் வரும், சந்தையில் குருநகர்ப் பெண்களின் மீன்கூடையை உதைப்பார்கள், இவள் மறுபடி இதே வீட்டில் இதே கையின் கீழ் இருப்பாள். அது ஒன்று. இன்னொன்று, அவன் காது. செபஸ்தியம்மாவின் கையில் அன்றைக்குக் கத்தி இருந்தது. இவள் கையில் பிள்ளை இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்குச் செபஸ்தியம்மா மீன் கீறிக்கொண்டிராமல் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்தால் அவளுக்கும் ஒரு பல் போயிருக்கும், அடித்தவன் தானாக இருந்திருப்பான். அதை நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

முட்டியை மெல்ல விரித்தான். பல்லைச் சேட்டுப் பைக்குள் போட்டான்.

"என்ன, கண்டுபிடிச்சிட்டியோ?" என்றார் முத்துக்குமாரர்.

"விசிறி உடைஞ்சு கிடக்கு, ஐயா. கடினமான சாமான் ஒண்டு உள்ளுக்குப் போயிருக்கு."

"நான் சொன்னன்தானே. கேட்டீரோ, பஞ்சலிங்கம்?"

"ஒரு விசயம் அறியவேணும்" என்றான் செபநாயகம். "இந்த மெசினை எங்கையெல்லாம் பாவிக்கிறனீங்கள்?"

"இந்தக் கம்பளத்திலைதான். பிளக் இஞ்சைதானே இருக்கு."

"குசினிக்கு, முற்றத்துக்கு ஒண்டும் கொண்டுபோறேல்லையோ? கிணத்தடிக்கு?"

முத்துக்குமாரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிணத்தடியிலை ஆரடாப்பா தூசி இழுக்கிறது? இந்த ஹோலை விட்டு அது ஒருநாளும் வெளிக்கிட்டதில்லை."

"சரி, ஐயா. அதுதான் எனக்கு வேணும்."

பஞ்சலிங்கம் தலை குனிந்தபடி இருந்தான். ஆனால் அந்தச் சொற்கள் அவன் காதில் விழுந்தன. விழவேண்டும் என்றுதான் செபநாயகம் கேட்டான்.

விசிறியின் உடைந்த இதழுக்கு எதிரே இருந்த இதழை அரத்தால் அதே அளவுக்கு ராவினான். பாரம் சரியா என்று பார்க்கவேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு: இரண்டு கத்திகளை அலகு மேலே பார்க்கப் பக்கம் பக்கமாக நிறுத்தி, விசிறியைத் தண்டோடு அவற்றின் மேல் குறுக்கே கிடத்தினால், பாரம் கூடிய பக்கம் தானாகக் கீழே உருளும். எந்தப் பக்கமும் உருளாமல் கிடந்தால் விசிறி சமம். அவனிடம் ஒரு கத்திதான் இருந்தது. இன்னொன்று குசினியிலிருந்து கேட்டிருக்கலாம். அவன் கேட்கவில்லை. பஞ்சலிங்கத்தின் இடுப்பைப் பார்த்தான்.

"தம்பி, உம்மடை கத்தியை ஒருக்காத் தாரும். நல்ல நேரான அலகு."

பஞ்சலிங்கம் யோசிக்காமல் எழுந்து உருவிக் கொடுத்தான். செபநாயகம் இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே இரண்டு கத்திகளையும் இறுக்கி நிறுத்தி, தண்டை மேலே கிடத்தினான். விசிறி மெல்ல ஒரு பக்கம் உருண்டது. எடுத்து இன்னும் கொஞ்சம் ராவினான். மறுபடி கிடத்தினான். இம்முறை அசையாமல் நின்றது. அப்படியே விட்டான்.

பிறகு சேட்டுப் பையிலிருந்து பல்லை எடுத்து, சுத்தமான துணித்துண்டில் வைத்து, எழுந்து போய்க் கனகாம்பிகையின் முன்னால் நீட்டினான்.

"அம்மா, இது உங்கடை சாமான். விசிறிக்குள்ளை கிடந்தது. வைச்சிருக்கிறதோ எறியிறதோ, அது உங்கடை விருப்பம்."

குழந்தை அழுகையை விட்டிருந்தது. கனகாம்பிகை பல்லைப் பார்த்தாள். கதிரையில் இருந்து பாதி எழுந்துவிட்ட புருசனைப் பார்த்தாள். கடைசியில் அண்ணனைப் பார்த்தாள். இடுப்பில் கத்தி இல்லாமல் நிற்கிற அண்ணனை. சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். பிறகு அவள் அதை மறுபடி வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"அண்ணை, நான் கிணத்தடியிலை விழேல்லை" என்றாள். "பிள்ளை அழுதுதெண்டு மெசினை நிப்பாட்டிப்போட்டுப் பால் குடுக்கப் போனன். அதுக்கு இவர் மோதிரக் கையாலை குத்தினவர். இந்தக் கம்பளத்திலைதான் விழுந்தனான். ரத்தத்தைக் கழுவச் சொன்னவர், கழுவினன். பல்லைத் தேடினனான், கிடைக்கேல்லை. அடுத்தநாள் மெசினைப் போட்டவுடனை உள்ளுக்கை டக்கெண்டு சத்தம் கேட்டது. சொன்னால் பிள்ளையைக் கிணத்துக்கை போடுவன் எண்டவர்."

"விசர்க் கதை" என்றார் முத்துக்குமாரர். "உவள் சொல்லிறதை நம்பாதையும்."

பஞ்சலிங்கம் அவர் பக்கம் திரும்பினான். அவன் கை இடுப்புக்குப் போனது. உறை வெறுமையாக இருந்தது. கண்மண் தெரியாமல் நிலத்தைப் பார்த்தான். கத்தி செபநாயகத்தின் சாக்கில், விசிறியின் கீழே நின்றது. எட்டிக் குனிந்தவனின் மணிக்கட்டைச் செபநாயகம் பிடித்தான். அந்தப் பிடி குருநகர் முழுவதும் அறிந்த பிடி.

"கத்தி வேலையிலை நிக்குது, தம்பி" என்றான். "கத்தியாலை செய்தால் உம்மைத் தூக்கிலை போடுவாங்கள். உவ பிறகு ஆரிட்டைப் போறது? கையாலை பாரும்."

கையை விட்டான்.

பஞ்சலிங்கம் கையால் பார்த்தான். தோட்டத்தில் கிணற்றுத் துலா மிதித்து, மண்வெட்டி பிடித்து வளர்ந்த கை அது. முதல் குத்தில் முத்துக்குமாரர் சாய்மனைக் கதிரையோடு விறாந்தை நிலையில் மோதினார். இரண்டாம் குத்து எங்கே விழுந்தது என்று சத்தத்தில் தெரிந்தது. ஆனால் அவரும் சும்மா வாங்குகிற ஆள் இல்லை. கிழவர் என்றாலும் அடித்துப் பழகின கை. கழற்றி வைத்திருந்த மெசின் தடியை எடுத்துப் பஞ்சலிங்கத்தின் நெற்றியைப் பிளந்தார். இரத்தம் அவன் கண்ணை மூடியது. குருட்டுத்தனமாக அவருடைய பெனியனைப் பிடித்து இழுத்துக் கம்பளத்தில் போட்டு, மேலே ஏறி இருந்துகொண்டு குத்தினான். பீங்கான் பூச்சாடி உடைந்தது. மலாயா மணிக்கூடு சுவரிலிருந்து விழுந்து, நிலத்தில் கிடந்தபடி அடித்தது. "ஒருத்தி செத்துப்போனாள் எண்டது காணாதோ, உமக்கு அது போதாதோ" என்று ஒவ்வொரு குத்துக்கும் சொன்னான். அதுவரை ஊரில் யாரும் வாயால் சொல்லாத கதை அது.

செபநாயகம் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு சண்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சண்டை பிடிக்காமல் இருந்தான். கை தினவெடுத்தது, அந்தக் கைக்கு வேலை கொடுத்தான். மண்ணெண்ணெய்யால் நல்லெண்ணெய்ப் பிசினைக் கழுவினான். செப்புப் பட்டைகளைக் கண்ணாடித்தாளால் மினுக்கினான். பையில் கொண்டுவந்திருந்த கார் டைனமோ பெயரிங் ஒன்று அளவாக வந்து உட்கார்ந்தது. பெரிய கரிக்கட்டை ஒன்றை ராவிப் புதுசாக இரண்டு செய்து போட்டான். அவர்கள் உருண்டு சாக்குப் பக்கம் வந்தபோது, கழற்றி வைத்த ஆணிகள் சிதறாமல் சாக்கை மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டான். ஒருமுறை எழுந்து, பஞ்சலிங்கம் பறித்து ஓங்கிக்கொண்டிருந்த தடியை அவன் கையிலிருந்து வாங்கினான்.

"அது மெசின்ரை தடி. எனக்கு வேணும்."

தடியைப் பூட்டினான், பையைக் கட்டினான், பிளக்கைக் குத்தினான்.

மெசின் ஓடியது. உறுமல் இல்லை, நடுக்கம் இல்லை. சீரான ஒரே சத்தம், வண்டு இரைவது போல. அந்தச் சத்தத்தில் இரண்டு பேரும் அடித்த கை அடித்தபடி நின்றுவிட்டார்கள். பஞ்சலிங்கம் மூச்சு வாங்கினான். கீழே கிடந்தவரின் வாயிலிருந்து கம்பளத்தில் இரத்தம் வடிந்தது. சிவப்புக் கம்பளம், அதனால் பெரிதாகத் தெரியவில்லை.

"காணும், அண்ணை" என்றாள் கனகாம்பிகை. "போவம்."

அவள் அந்த வீட்டிலிருந்து பிள்ளையைத் தவிர ஒன்றும் எடுக்கவில்லை. துணியில் சுற்றிய பல்லை மடியில் செருகிக்கொண்டு, புருசனைச் சுற்றிக்கொண்டு போகாமல், அவருடைய காலைக் கடந்து நேரே வாசலால் இறங்கினாள். பஞ்சலிங்கம் எழுந்து நெற்றியைச் சேட்டால் பொத்திக்கொண்டு பின்னால் போனான். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். செபநாயகம் கத்தியைத் துடைத்து அவனிடம் நீட்டினான். அவன் வாங்கிக்கொண்டான். தங்கச்சியை அறைந்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே போனான். படலை அடிபட்டுச் சாத்திய சத்தம் கேட்டது.

செபநாயகம் மெசினை நிற்பாட்டி, சாக்கைச் சுருட்டி, சாமான்களைப் பைக்குள் அடுக்கினான். முத்துக்குமாரர் கையூன்றி எழுந்து முழங்காலில் நின்றார். வாயைப் பொத்திய விரல்களுக்கு நடுவே மோதிரம் சிவப்பாக இருந்தது. ஏதோ சொல்ல முயன்றார். காற்றுத்தான் வந்தது.

"மெசினிலை இனிப் பழுதில்லை, ஐயா" என்றான் செபநாயகம். "எண்ணெய் மட்டும் விடாதேங்கோ. இன்னொண்டு. கம்பளத்திலை கிடக்கிறதைப் பொறுக்கிப்போட்டு மெசினைப் போடுங்கோ. இந்த விசிறி இன்னொரு பல்லைத் தாங்காது."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தையால் இறங்கினான். பின்னேரம் செபஸ்தியம்மா அவன் கையைத் திருப்பிப் பார்ப்பாள். முட்டியில் கரி இருக்கும், தோல் உரிந்திருக்காது. படலையடியில் நின்று ஒருமுறை திரும்பினான். ஹோலுக்குள் முத்துக்குமாரர் முழங்காலில் நின்றபடி கம்பளத்தைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.